திறந்து காட்டாத பெட்டி

1

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு என் மகள் நளினியின் வலது காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினேன். அழுத்திய இடத்தில் விழுந்த பள்ளம் மேலே எழும்பவில்லை.

நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் பழக்கம்தான். நான் வேலை செய்யும் இடத்தில் எதைச் சோதிப்பதானாலும் முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருட இங்கிலாந்து வாழ்க்கையில் அது உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மகளின் தலையைத் தொடும்போதும் கண் தானாக மணிக்கட்டுக்குப் போகிறது.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எல்லோருடைய மூளைக்குள்ளும் கொஞ்சம் நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. நளினிக்குப் பிறக்கும்போதே அந்த வடிகால் அடைபட்டிருந்தது. நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது தலை பெரிதாகத் தொடங்கியது. இங்கிலாந்து மருத்துவர்கள் மூளைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாயை வெளியே எடுத்து, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு வால்வோடு இணைத்து, அங்கிருந்து இன்னொரு குழாயைக் கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் கீழே இறக்கிவிட்டார்கள். வால்வு சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ரப்பர் போல வளையும். அதற்குள் நீர் ஒரு பக்கமாகத்தான் போகும், திரும்பி வராது. தினமும் காலையில் தோலோடு சேர்த்து அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அமுங்கி, விட்டதும் நிரம்பி மேலே வந்தால் அன்றைய நாள் நல்ல நாள். மேலே வராவிட்டால் உள்ளே எங்கோ அடைப்பு. சில குழந்தைகளுக்கு அதன்பின் நாட்கணக்கு. சில குழந்தைகளுக்கு மணிக்கணக்கு.

நாங்கள் அப்போது இருந்தது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அல்ல. தேர்வாய் கண்டிகையைத் தாண்டி, என் அண்ணன் ஏழுமலையின் வீட்டில் இருந்தோம். பள்ளி விடுமுறைக்கு வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. இப்படி ஏதாவது நேர்ந்தால் இருக்கட்டும் என்று, புது வால்வும் குழாயும் அடங்கிய ஒரு பெட்டியை இங்கிலாந்திலிருந்து கையோடு கொண்டுவந்திருந்தேன். அந்தப் பெட்டி என்னிடம் இல்லை. மெட்ராஸில், சுங்கக் கிடங்கில் இருந்தது.

2

இதை இங்கே, வட இங்கிலாந்தில், சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. ஊரிலிருந்து திரும்பி மூன்று மாதமாகிறது. இன்னும் ஒரு வேலையை முழுதாக உட்கார்ந்து செய்ய முடியவில்லை. தேநீர் போடுகிறேன், குடிக்க மறந்துவிடுகிறேன். பேருந்தில் ஏறினால் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து நிற்கிறேன். "எங்க ஓடணும் உங்களுக்கு?" என்கிறாள் என் மனைவி சரோஜா. எனக்குத் தெரியவில்லை.

வேலை என்னவோ ஓடவே விடாத வேலை. நளினியின் தலையில் இருப்பது போன்ற வால்வுகளைத்தான் எங்கள் தொழிற்சாலையில் செய்கிறோம். நான் இந்த ஊருக்கு வந்தது வேறு வேலைக்கு. ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். குழந்தைக்கு வால்வு வைத்த பிறகு, அதைச் செய்கிற இடம் பதினைந்து மைல் தூரத்தில்தான் இருக்கிறது என்று ஒரு நர்ஸ் சொன்னாள். அடுத்த மாதமே அங்கே விண்ணப்பம் போட்டேன். நேர்முகத்தில் ஏன் வருகிறாய் என்று கேட்டார்கள். சம்பளம் என்று சொன்னேன். உண்மையில் என் மகளின் தலைக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன்.

வால்வின் இரண்டு முனையிலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு கீறல் இருக்கும். நீர் அழுத்தும்போது அந்தக் கீறல் உதடு போலத் திறக்கும். அழுத்தம் குறைந்ததும் மூடிக்கொள்ளும். எத்தனை உயரத் தண்ணீருக்கு அது திறக்கிறது என்று பார்ப்பது என் வேலை. செங்குத்தான ஒரு கண்ணாடிக் குழாயில் நீர் மெல்ல ஏறும். திறக்கும் இடத்தைக் குறிப்பேன். சீக்கிரம் திறந்தால் கழிவு, தாமதமாகத் திறந்தாலும் கழிவு. ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த நீரின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சோதித்து முடித்ததை வேறு அறையில் கழுவி, கிருமி நீக்கி, காகித உறையிலிட்டு, அதை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடியை ஒட்டி, அந்த டப்பாவை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு நூல் கட்டி முத்திரை வைப்பார்கள். அறுவை மேசைக்குப் போகும்வரை ஒருவர் கையும் படக்கூடாது.

வீட்டில், போன வருடம் வரை, காலையில் நளினி பல் துலக்கும்போதே நான் அழுத்திப் பார்த்துவிடுவேன். அவள் வாயில் நுரையோடு தலையைச் சாய்த்துக் கொடுப்பாள். இந்த வருடம் ஒன்பது வயது முடிந்ததும் அது மாறிவிட்டது. முடியை அந்தப் பக்கம் இழுத்து வாரிக்கொள்கிறாள். "அது என் தலை, டாட்" என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். நான் ஆங்கிலத்தில் கேட்டால், உச்சரிப்பு திருத்தப்பட்டுப் பதில் வரும். ஊருக்குப் போனால் பெரியப்பா வீட்டில் கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துத்தான் டிக்கெட் எடுத்தேன்.

3

சுங்கத்தில் நடந்ததைச் சொல்வதற்கு முன், அதற்கும் பதினான்கு பதினைந்து வருடம் முந்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். சாக்குச் சொல்வதாகப் படலாம். படட்டும்.

பி.எஸ்ஸி. முடித்ததும் எனக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் வேலை கிடைத்தது. இன்று அங்கே வரிசையாகத் தொழிற்சாலைகள் எழும்புகின்றன. அன்று கல்கத்தா ரோட்டோரம் மூன்று தகரக் கொட்டகைகள் மட்டும் இருந்தன. ஊசி போடும் கண்ணாடி சிரிஞ்சு அங்கே தயாராகும். சிரிஞ்சுக்கு வெளிக்குழாய் ஒன்று, உள்ளே ஓடும் தண்டு ஒன்று. இரண்டையும் எமரிப் பொடியும் தண்ணீரும் விட்டு ஒன்றோடொன்று தேய்த்துத்தான் பொருத்த முடியும். அப்படித் தேய்த்த தண்டு அந்தக் குழாய்க்குத்தான் சேரும், பக்கத்துக் குழாய்க்குச் சேராது. அதனால் இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்துவிடுவோம். எண் மாறினால் மருந்து பின்பக்கமாக வழியும்.

தேய்ப்பதில் கஸ்தூரிக்கு நிகர் கிடையாது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வருவாள். அவள் வீட்டில் எல்லோரும் மீன்பிடித் தொழில். பொருத்தியதைத் தண்ணீரில் நனைத்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு, தண்டைப் பின்னால் இழுத்து விடுவாள். அது 'டக்'கென்று பழைய இடத்துக்குப் போக வேண்டும். போனால், "ஊட்டுக்குப் போச்சு" என்பாள். மொத்தக் கொட்டகைக்கும் அது வழக்குச் சொல்லாகிவிட்டது. போகாவிட்டால் மறுபடி தேய்ப்பு. நான் அவளுக்கு மேற்பார்வையாளன்.

ஒருநாள் பெரிய கொள்முதலுக்கு முன்னால் ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். சோதித்து, மெல்லிய காகிதத்தில் சுற்றி ஒட்டி வைத்திருந்ததில் இருபதை எடுத்துப் பிரித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேசிக்கொண்டே குழாய்களை ஒரு பக்கமும் தண்டுகளை ஒரு பக்கமும் போட்டார். பிறகு கைக்கு வந்ததைக் கைக்கு வந்ததில் செருகி வைத்துவிட்டுப் போனார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எண்ணைப் பார்த்துச் செருகுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் போனதும் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் பெட்டி லாரியில் ஏறிவிட்டது. பத்து நாளில் 'ஒழுகுகிறது' என்று மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது.

முதலாளி கஸ்தூரியைக் கூப்பிட்டார்.

"ஜோடிய மாத்தினது நான் இல்ல நைனா" என்றாள் அவள். "அந்த ஆபீசரு பேசிக்கினே கலைச்சிட்டாரு. இந்த சாரு பாத்துக்கினுதான் நின்னாரு. கேளு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சரியாகக் கவனிக்கவில்லை என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "கண்ணு நல்லாத்தான இருக்குது சாரு உனுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடத்தில் நான் வேலை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு கப்பலேறினேன். இனி எந்த அதிகாரியையும் ஒட்டி வைத்ததைப் பிரிக்க விடமாட்டேன் என்று அப்போதே மனதில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். போட வேண்டிய இடத்தில் போடாத முடிச்சு.

4

மெட்ராஸில் இறங்கியபோது நளினிக்கு விமானப் பயணம் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளுத்திருந்தது. சரோஜா அவளை ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். சுங்க மேசைக்கு நான் மட்டும்தான் போனேன்.

அதிகாரி இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார்.

"இது என்ன சார்?"

"வால்வு. மூளையில வைக்கிறது."

"மூளையிலயா?" சிரித்துவிட்டார். "சரி, தொறந்து காட்டுங்க."

"தொறக்கக் கூடாது. கிருமி நீக்கி ஒட்டினது."

"உள்ள இருக்கறத இல்ல சார். மேல் அட்டைய மட்டும் தொறங்க. என்ன இருக்குதுன்னு எழுதணும் இல்ல?"

மேல் அட்டையை மட்டும். அது என் காதில் தெளிவாக விழுந்தது. அட்டையைத் திறப்பதால் உள்ளே ஒன்றும் ஆகாது என்று இந்த உலகத்தில் நன்றாகத் தெரிந்த சிலரில் நானும் ஒருவன். அதற்குள்ளே ஒட்டிய டப்பா. அதற்குள்ளே ஒட்டிய உறை. ஆனால் அவர் கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் தகரக் கொட்டகையில் பேசிக்கொண்டே கலைத்த கை ஞாபகம் வந்துவிட்டது. நான் ஆங்கிலத்துக்குத் தாவினேன். இங்கிலாந்தில் பன்னிரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு கற்ற ஆங்கிலம் முழுவதும் அந்த மேசைமீது சத்தமாக வந்து விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் மாறியது. "இருக்கட்டும் சார். உங்களுக்கு எப்ப இஷ்டமோ அப்ப வந்து எடுத்துக்குங்க" என்று ரசீது எழுதினார். அதில் 'மருத்துவப் பொருள் ஒன்று' என்பதற்குக் கீழே, 'சோதனைக்குத் திறந்து காட்ட உரியவர் மறுப்பு' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சரோஜாவிடம் வந்து, "பிடிச்சு வச்சுக்கிட்டாங்க" என்றேன்.

"ஏனாம்?"

"ஏனோ. ரூல்ஸாம்."

அண்ணன் வீட்டிலும் அதையே சொன்னேன். எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். அடுத்த பத்து நாளும் மேலதிகாரிக்கு ஒரு புகார்க் கடிதம் தயாரித்தேன். மூன்று பக்கம். அடித்து அடித்து எழுதினேன். "ஒரு நடை போய்ப் பொட்டிய வாங்கிட்டு வாங்களேன்" என்று சரோஜா சொன்னபோது, "சும்மா போனா தரமாட்டான், எழுதித்தான் வாங்கணும்" என்றேன். அந்த இளைஞரின் முகத்தை மறுபடி பார்க்கத் தைரியம் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

5

முந்தின நாள் திங்கள்கிழமையே நளினி தலைவலி என்றாள். வெயில் என்று நினைத்தோம். செவ்வாய் காலை எழுந்ததும் வாந்தி எடுத்தாள். அதன்பின் தூங்கத் தொடங்கினாள். அப்போதுதான் அழுத்திப் பார்த்தேன். அன்று அவள் 'என் தலை' என்று சொல்லவில்லை. கையைத் தட்டிவிடவும் இல்லை. அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது.

அண்ணி வாசலில் நின்றாள். நான் போலீஸ்காரன் மாதிரி கேட்டேன்: "சனிக்கிழமை எண்ணெய் தேச்சப்போ அந்தப் பக்கம் தேச்சீங்களா?"

"ஐயோ, இல்ல தம்பி. நீ சொன்னப்புறம் அந்தப் பக்கம் சீப்புகூட வக்கல நானு" என்றாள். கண் கலங்கிவிட்டது. எண்ணெய்க்கும் அடைப்புக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன். வேறு யார்மேலாவது இருக்க வேண்டும் போல இருந்தது.

அண்ணன் பம்புசெட்டிலிருந்து ஈர வேட்டியோடு ஓடிவந்தார்.

"இன்னாடா, கொழந்திக்கு இன்னா?"

"வால்வு வேலை செய்யலண்ணா."

"வால்வுன்னா? நம்ம கெணத்துல பைப்புக்கு அடியில கெடக்குதே ஃபுட்வால்வு, அந்த மாதிரியா?"

ஒன்பது வருடமாக எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சுலபமாக யாருக்கும் புரிந்ததில்லை. "அதேதாண்ணா."

"தண்ணி ஒருபக்கமாதான் போவும். குப்ப சிக்கிக்கினா நின்னுபூடும்." அவர் நளினியின் தலையைப் பார்த்தார். "சிக்கிக்கிச்சா?"

"ஆமா."

"அப்ப கெணத்த எட்டிப் பாத்துக்கினு நின்னா ஆவுமா? கெளம்பு."

அரிசி மில்காரர் வீட்டு அம்பாசடர் காரை அண்ணன் கேட்டு வாங்கி வருவதற்குள் ஏழரை ஆகிவிட்டது. சரோஜா பின்சீட்டில் நளினியை மடியில் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில். அண்ணன் முன்னால். புதுவாயல் கூட்டு ரோட்டில் லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன. டீக்கடைகளில் கம்பெனி ஆட்கள் நாஷ்டா தின்றுகொண்டிருந்தார்கள். வண்டி நின்றது.

"வலப்பக்கம் வுடு" என்றார் அண்ணன் டிரைவரிடம். "பெரியபாளயம் வழியா திருவள்ளூர் பூடலாம். கோர்ட்டுக்கு எதிரால ஒரு டாக்டரு, நமக்கு நல்லாத் தெரிஞ்சவரு."

"திருவள்ளூர்ல இதுக்கு வைத்தியம் இல்லண்ணா. மெட்ராஸ்தான்."

"அவரு பாத்துட்டு சொல்லட்டும்டா. கை ராசிக்காரரு."

"கை ராசி வேணாம், தலையைத் திறக்கத் தெரிஞ்சவர் வேணும்!" என்று கத்திவிட்டேன். கத்தியது ஆங்கிலத்தில் என்பது அண்ணன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அவர் திரும்பி நளினியைப் பார்த்தார். அவள் கண்கள் பாதி திறந்திருந்தன. கருவிழிகள் கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரிந்தது.

"நேரா வுடுப்பா, மெட்ராசுக்கு" என்றார். முன்னால் போன ஒவ்வொரு மாட்டு வண்டிக்கும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் துண்டை வீசிக்கொண்டே வந்தார்.

நான் நளினியை எழுப்பிக்கொண்டே இருந்தேன். ஏழாம் வாய்ப்பாட்டை ஆங்கிலத்தில் கேட்டேன். நாற்பத்திரண்டு வரை சொன்னாள். செங்குன்றம் வந்தபோது, "தூங்கணும் டாட்" என்றாள். அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

6

மெட்ராஸில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்த மருத்துவர் அதிகம் பேசாதவர். அவரும் காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினார். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எங்களை வெளியே நிறுத்திவிட்டு, மண்டையில் ஏற்கெனவே இருக்கும் துளை வழியாக ஊசி விட்டு நீரை எடுத்தார். அரைமணி நேரத்தில் வெளியே வந்தார்.

"கண்ணைத் திறந்துட்டா. ஆனா இது இன்னிக்கு மட்டும். ராத்திரிக்குள்ள மறுபடி ஏறும். திரும்பத் திரும்ப ஊசி விட முடியாது, சீழ் வச்சிடும். நாளைக்குக் காலையில மாத்தியாகணும். எங்க கிட்ட இருந்தது போன மாசம் ஒரு குழந்தைக்குப் போயிடுச்சு. அடுத்தது எப்ப வரும்னு தெரியாது. நீங்க இதைச் செய்யற கம்பெனியிலதான் வேலை பாக்கறீங்களாமே? கையில ஒண்ணும் இல்லையா?"

சரோஜா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

சுங்கத்தில் இருக்கிறது என்றேன். அவர் உடனே ஒரு கடிதம் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். நான் கிளம்பினேன். "நீங்க போகாதீங்க" என்றார். "மயக்கம் வருதான்னு அவகிட்ட பேசிப் பேசிப் பாக்கணும். இங்க நர்ஸுங்க பேசறது அவளுக்குப் புரியல. ஒப்புதல் கையெழுத்தும் இருக்கு."

"ரசீத இங்க குடு" என்றார் அண்ணன்.

"உனக்கு அங்க பேச வராதுண்ணா. இங்கிலீஷ்ல கேப்பாங்க."

"திருவள்ளூர் கோர்ட்டுக்கு வரப்புத் தகராறுக்கு ஏழு வருசம் நடந்தவன்டா நானு. எந்த ஆபீசும் எனுக்கு ஒண்ணுதான். குடு."

ரசீதை எடுத்தேன். அந்த ஆங்கில வரி கண்ணில் பட்டது. அண்ணனுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. மகள் உள்ளே அப்படிக் கிடக்கும்போது வந்த நிம்மதி அது. மூன்று மாதமாக என்னை உட்காரவிடாமல் துரத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு அவர் போனார். ஐந்து பத்துக்குத் திரும்பி வந்தார். பெட்டி வந்தது.

புதன்கிழமை காலை அறுவை நடந்தது. முடிந்ததும் மருத்துவர் பழைய வால்வை ஒரு எனாமல் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். நான்கு வருடத்துக்கு முன் மாற்றியது. எங்கள் மேசையில் சோதித்தது. என் கையெழுத்தோடு போனதாகவும் இருக்கலாம். இரண்டு கீறலும் பழுதில்லாமல் இருந்தன. அடைப்பு வால்வில் இல்லை. மூளைக்குள் இருந்த குழாயின் நுனியில், கண் கண்ணாகப் போட்ட துளைகளில் சதை வளர்ந்து மூடியிருந்தது. "யார் மேலயும் தப்பில்ல. இது இப்படித்தான் ஆகும்" என்றார். வால்வைப் பற்றித்தான் சொன்னார்.

வியாழக்கிழமை நளினி எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். மொட்டைத் தலை, கட்டு. அண்ணன் கட்டில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, எப்பிடிக் கீது?"

அவள் கட்டுக்கு மேலாகவே மெல்ல விரலை வைத்தாள். நான் பதறி எழுந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரிடம், அந்த ஊர்ப் பேச்சில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"ஃபுட்வால்வு வேல செய்து, பெரியப்பா."

அண்ணன் சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது. நான் தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது முடி விரற்கடை நீளம் வளர்ந்திருக்கிறது. பள்ளிக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு போகிறாள். காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே அழுத்திப் பார்க்கிறாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். ஆறு இருபதுக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அவள் எழுவது ஏழரைக்கு. அதுவரை அந்தப் படிதான். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "ஃபைன், டாட்" என்று குரல் வரும். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் எதைச் சோதிப்பது? கதவைத் தட்டவும் பயம், தட்டாமல் போகவும் பயம். போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. மலைப்பக்கம் நான்கு நாள் முகாமாம். பெற்றோர் கையெழுத்திட வேண்டும். 'குழந்தையின் உடல்நிலை பற்றி வேறு ஏதாவது' என்ற கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். படிவம் இதோ மேசைமேல் இருக்கிறது. நாளைக்குள் கொடுக்க வேண்டும்.

7

ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். பெட்டி வந்தது என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டு அறுவைக்குப் போய்விட்டேன். அண்ணன் வந்ததை எழுதாமல் இதை முடித்தால், சரோஜாவிடம் சொன்னதையே உங்களிடமும் சொன்னதாகிவிடும்.

அந்த ஐந்து மணி நேரமும் நளினியிடம் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். நடுநடுவே ஜன்னலுக்குப் போய் வாசல் கேட்டைப் பார்த்தேன். நான்கு மணிக்கு மறுபடி தலை வலிக்கிறது என்றாள். நான்கரைக்குப் பதில்கள் குறைந்தன. அண்ணனை அங்கே உட்கார வைத்திருப்பார்கள், நாளை வா என்றிருப்பார்கள், என் பெயரைச் சொன்னதும் விரட்டியிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்தேன். அந்த இளைஞரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். தமிழில்தான் கேட்டேன்.

ஐந்து பத்துக்குப் படியேறி அண்ணன் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மஞ்சள் துணிப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். பையிலிருந்து பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். அட்டையில் முத்திரை உடைந்திருந்தது. நூலை அவிழ்த்து மறுபடி கட்டியிருந்தார்கள். அவசரமாக உள்ளே பார்த்தேன். வெள்ளை டப்பாவின் மூடி ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

நர்ஸ் அதை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். சரோஜா அண்ணனின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிண்ணா குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"இன்னா எப்பிடி? போறதுக்கும் வர்றதுக்கும்தான் பேஜாரு. ரெண்டு பஸ்ஸு மாறி, எந்த எடம்னு தெரியாம அலைஞ்சி, அங்க போனா சோத்துக்குப் போயிட்டாங்க. உக்காந்துக்கினு இருந்தேன். ஒரு சின்ன வயசு ஆபீசரு வந்தாரு. டாக்டரு லெட்டரப் பாத்தாரு. பொட்டிய கொண்டாந்து வச்சி, தொறந்து காட்டு பெரியவரேன்னாரு. தொறந்தேன். உள்ள வெள்ளையா ஒரு டப்பா இருந்துச்சி. எட்டிப் பாத்தாரு, தொடக்கூட இல்ல. மூடிக்கோன்னாரு. ஒரு கைநாட்டு. அவ்ளோதான், குடுத்துட்டாரு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஒன்றும் நினைக்காமல், நிஜமாகவே தெரியாமல், என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏண்டா, அன்னிக்கி உன்ன தொறந்து காட்டச் சொல்லவே இல்லயா அந்த ஆளு?"